புயற்காலத்தில் கால்நடைகளைக் காத்தல்: தொண்டர்களும் கூட்டுறவுச் சங்கத்தாரும் செய்யத்தக்கவை

குடியானவனுடைய செல்வத்தில் நிலத்துக்கு அடுத்தபடியாக நிற்பது கால்நடையே. தமிழில் மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்றும் ஒரு பொருள் வழங்கி வந்திருப்பது காரணமின்றி அன்று. நிலமற்ற ஏழைக்கோ கால்நடை ஒன்றே செல்வம். ஒரு கறவைப் பசுவும் நான்கு வெள்ளாடுகளும் உடைய கைம்பெண் அவற்றைக் கொண்டே பிள்ளைகளை வளர்க்கிறாள். சங்கத்துக் கடனின் தவணையையும் அவற்றைக் கொண்டே செலுத்துகிறாள். அந்தப் பசு ஒரே இரவில் வெள்ளத்தில் மாண்டுவிடுமானால், பாலும் போய், பால் தந்த முதலும் போய், கடன் மாத்திரம் அப்படியே நிற்கும். ஆதலின் புயற்காலத்தில் கால்நடைகளைக் காப்பது சர்க்கார் உத்தியோகஸ்தர்களுக்கு மட்டும் உரிய வேலை என்று கூட்டுறவுச் சங்கத்தார் எண்ணியிருத்தல் தகாது. அது சங்கத்தின் முதலைக் காக்கும் வேலை; அங்கத்தினர்களின் உயிரைக் காக்கும் வேலையுமாம்.

கடந்த காலம் கற்பிப்பது

சோழமண்டலக் கரையில் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்கள் புயலுக்குரியவை. 1977ஆம் வருஷம் நவம்பர் மாதம் 12ஆம் தேதி நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கரையேறிய புயலில் 560 பேர் உயிரிழந்தனர். மாண்ட மாடுகளோ 23,000. வீடிழந்தோர் சுமார் பத்து லக்ஷம் பேர். அதே மாதம் 19ஆம் தேதி ஆந்திர தேசத்தில் கிருஷ்ணா நதி கடலிற் கலக்குமிடத்திலுள்ள திவி சீமையைக் கடல் பொங்கி மூடியது. அங்கே பதினாயிரம் பேர் அளவில் மாண்டனர். கால்நடைகளின் அழிவும் பெரிதாயிருந்தது.

அதன் பின்னர் வானிலை அறியும் கருவிகளும், செய்தியைப் பரப்பும் சாதனங்களும் பெரிதும் விருத்தியடைந்தன. 2018ஆம் வருஷம் நவம்பர் 16ஆம் தேதி பின்னிரவில் கஜா என்னும் புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது காற்று கடும் வேகத்தில் அடித்தது. புயல் வருமுன்னரே 80,000 பேருக்கு மேற்பட்டோர் காப்பகங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அதனால் பல உயிர்கள் பிழைத்தன. ஆயினும் அவர்களுடைய மாடுகளும் ஆடுகளும் பெரும்பாலும் தொழுவத்திலேயே நின்றன. தென்னைகள் லக்ஷக் கணக்கில் சாய்ந்த அவ்விரவில், கொட்டகை சரிந்தும் மரம் விழுந்தும் குளிரில் விறைத்தும் அவை மடிந்தன. மனிதரைப் பெயர்த்து வைக்கும் ஏற்பாடு வளர்ந்த அளவுக்குக் கால்நடைகளைப் பெயர்த்து வைக்கும் ஏற்பாடு வளரவில்லை என்பதே இதனால் விளங்குவது.

கால்நடைகள் எவ்வாறு மாள்கின்றன

நோயின் காரணம் தெரிந்தால் பாதி வைத்தியம் முடிந்தது என்பர். புயலில் கால்நடைகள் மாளும் காரணங்கள் ஐந்து.

முதலாவது, கயிறு. மாடு இயல்பாகவே நீந்த வல்லது. எருமையின் நீச்சலைக் கிராமவாசிகளுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. ஆயினும் முளையில் குட்டையாகக் கட்டப்பட்ட மாடு, தண்ணீர் தன் தலைக்கு மேல் ஏறும்போது என் செய்யும்? வெள்ளத்தில் மாண்ட மாடுகளுள் பல கட்டுத்தறியிலேயே கிடப்பதை வெள்ளம் கண்ட கிராமத்தார் அறிவர்.

இரண்டாவது, கொட்டகை. ஓடும் தகரமும் காற்றிற் பறந்து வெட்டுகின்றன. மண் சுவர் நனைந்து சாய்கிறது. உறுதியற்ற கொட்டகையில் அடைபட்ட மாட்டைக் காட்டிலும் மரமும் கம்பமும் இல்லாத மேட்டில் நிற்கும் மாட்டுக்கு அபாயம் குறைவு.

மூன்றாவது, கடல்நீர். புயலின் உந்துதலால் கடல் கரை மீறி உள்ளே புகும்போது அதன் வேகத்துக்கு எதுவும் தாக்குப் பிடியாது. அது வடிந்த பின்னும் குளங் குட்டைகளில் உப்பை விட்டுச் செல்கிறது.

நான்காவது, குளிர். இரவு முழுதும் மழையிலும் காற்றிலும் நின்ற கன்றுகளும், குட்டிகளும், கிழ மாடுகளும் நீரில் மூழ்காமலே இறந்துவிடுகின்றன. செம்மறியாட்டின் ரோமம் நீரை உறிஞ்சிக் கனத்து அதனைக் கீழே இழுக்கிறது.

ஐந்தாவது, புயலுக்குப் பின் வரும் பசியும், தாகமும், தொற்று வியாதியும். காற்று ஓய்ந்தவுடன் அபாயம் ஓய்ந்தது என்று இருந்துவிட்டால், பிழைத்தவற்றுள்ளும் சில இவ்வாறு இழக்கப்படும்.

மாட்டுக்காக மாண்ட மனிதர்

கால்நடையின் பாதுகாப்பையும் மனிதரின் பாதுகாப்பையும் வெவ்வேறாகப் பிரித்தல் இயலாது. காப்பகத்துக்கு வரும்படி அழைக்கப்படும்போது, ‘மாட்டை விட்டு எப்படி வருவது?’ என்னும் கேள்வி ஒவ்வொரு கிராமத்திலும் எழுகிறது. சிலர் மறுத்து வீட்டிலேயே தங்குகின்றனர். சிலர் வந்துவிட்டு, நள்ளிரவில் கன்றின் நினைவு வந்து, ஒருவருக்கும் சொல்லாமல் இருளில் திரும்பிச் செல்கின்றனர். அவ்வாறு திரும்பிச் செல்வோரை அறிவீனர் என்று இகழ்வது நியாயமன்று. வாழ்வின் ஆதாரம் தறியிற் கட்டுண்டு கிடக்கும்போது மனம் எங்ஙனம் அமைதியுறும்?

இது இந்நாட்டுக்கு மட்டும் உரிய குணமன்று. அமெரிக்காவில் 2005ஆம் வருஷம் கத்ரீனா என்னும் புயல் நியூ ஆர்லியன்ஸ் நகரை வெள்ளத்தில் ஆழ்த்தியபோது, தாங்கள் வளர்த்த நாய் பூனைகளை விட்டு வர மனமின்றி வீட்டிலேயே தங்கியவர்கள் பலர். அவ்வநுபவத்தின் பயனாக அடுத்த வருஷமே, அதாவது 2006இல், ஆபத்துக் காலத் திட்டங்களில் வளர்ப்புப் பிராணிகளுக்கும் இடம் வகுக்க வேண்டுமென அந்நாட்டில் ஒரு சட்டம் செய்யப்பட்டது. விலங்கைக் காக்க வழி செய்தாலன்றி மனிதனைக் காக்க முடியாது என்பதை அச்சட்டம் ஒப்புக்கொண்டது. வளர்ப்பு நாய்க்கே இவ்வாறாயின், குடும்பத்துக்குச் சோறிடும் பசுவின் விஷயத்தில் சொல்லவும் வேண்டுமோ?

வங்காள தேசத்து மேடுகள்

ஏழை நாடு ஒன்று தன் சொந்த முயற்சியால் செய்து காட்டிய வழியையும் அறிதல் நலம். 1970ஆம் வருஷம் நவம்பர் 12ஆம் தேதி இரவு, அக்காலத்தில் கிழக்குப் பாகிஸ்தான் என வழங்கிய வங்காளக் கரையைத் தாக்கிய புயலில் மூன்று லக்ஷத்துக்குக் குறையாத மக்கள் மாண்டனர் என்று கணக்கிடப்படுகிறது. பின்னர் வங்காள தேசம் தனி நாடானதும், கடலோரக் கிராமங்களில் உயர்ந்த மண்மேடுகள் அமைக்கப்பட்டன. அவற்றைக் ‘கில்லா’ என்பர். கோட்டை என்பது பொருள். வெள்ளம் வருங்கால் மக்கள் தம் மாடு ஆடுகளை அம்மேட்டின் மீது ஓட்டிச் சென்று நிறுத்துவர். மற்ற நாட்களில் அதுவே மேய்ச்சல் தரையாகவும் பிள்ளைகள் விளையாடுமிடமாகவும் பயன்படும். மேட்டுக்கு மண் எடுத்த பள்ளத்தில் குளம் அமைவதும் உண்டு.

மேடு மட்டும் இருந்து பயனில்லை. மக்களை உரிய காலத்தில் எழுப்புவோரும் வேண்டும். அதற்கென 1972ஆம் வருஷத்தில் ஒரு தொண்டர் ஏற்பாடு தொடங்கப்பட்டது. அபாயத்தின் அளவுக்கேற்ப ஒன்று, இரண்டு, மூன்று எனக் கொடிகளை ஏற்றியும், ஒலிபெருக்கியும் கைச்சங்கும் கொண்டு வீடுதோறும் சென்று அறிவித்தும் தொண்டர்கள் பணி செய்கின்றனர். தற்போது அவர்களின் தொகை ஏறத்தாழ 76,000. அவர்களுட் பாதிப்பேர் பெண்கள். இவர்கள் சம்பளம் பெறும் சேவகர் அல்லர். அந்தந்தக் கிராமத்துக் குடிகளே.

மழைக்கு முன் சங்கம் செய்ய வேண்டியவை

தமிழ்நாட்டிலும் பேரிடர்க் காலத்தில் முதலில் உதவிக்கு வர வேண்டிய முதல்நிலைப் பொறுப்பாளர்கள் ஊர்தோறும் குறிக்கப்படுகின்றனர்; கால்நடைகளுக்கென்றே தனியாகவும் சிலர் குறிக்கப்பட்டிருக்கின்றனர். சங்கத்தார் அவர்கள் யாவரென முதலில் விசாரித்து அறிந்து, அவர்களோடு சேர்ந்தே வேலை செய்ய வேண்டும். புரட்டாசி முடிவதற்குள் கீழ்க்கண்டவை நிறைவேறியிருத்தல் அவசியம்.

ஜாபிதா தயாரித்தல்: வீடுதோறும் உள்ள மாடு, எருமை, கன்று, ஆடு, கோழி ஆகியவற்றின் தொகையை எழுத வேண்டும். சினை மாடு, இளங்கன்று, நொண்டி மாடு ஆகியவற்றைத் தனியே குறிக்க வேண்டும். காதில் 12 இலக்க எண் பொறித்த அடையாள வில்லை இருந்தால் அவ்வெண்ணையும், இல்லாவிடில் நிறம், கொம்பு, சுழி முதலிய அங்க அடையாளங்களையும் எழுதிவைத்தல் வேண்டும். கிடை போட வந்த வெளியூர்க் கீதாரிகளின் ஆடுகளும், வாத்து மேய்ப்போரின் மந்தைகளும் எந்த ஊர் ஜாபிதாவிலும் இரா. அவர்களுக்கு மேட்டு நிலம் எங்கே என்பதும் தெரியாது. ஆகவே அவர்களை நினைவில் வைத்து எச்சரிப்பதற்கென ஒரு தொண்டரை நியமித்தல் தர்மமாகும்.

இடம் தேர்ந்தெடுத்தல்: ஊரில் வெள்ளம் ஏறாத திடல், கோயில் வெளிப்பிராகாரம், பள்ளிக்கூட மைதானம், சங்கத்துக் களம் இவற்றுள் எவை தகுதியானவை என்பதை முந்திய வெள்ளங்களைக் கண்ட முதியோரிடம் கேட்டு நிச்சயிக்க வேண்டும். ஏரிக்கரை உயரமாயினும் உடையக்கூடியது; அதனை நம்பலாகாது. மின்கம்பிக்குக் கீழும், தென்னஞ்சோலைக்குள்ளும் மந்தையை நிறுத்தலாகாது. இடத்துக்கு உரியவரின் சம்மதத்தை முன்னதாகவே பெற்றிருப்பது நலம். புயல் வாசலில் நிற்கும்போது சாவியைத் தேடி அலைவது கூடாது.

தொண்டர்களை அமர்த்துதல்: பத்து வீட்டுக்கு இருவர் என வகுத்தல் போதும். மாட்டோடு பழகியவர்களே இதற்கு ஏற்றவர்கள். பெரும்பாலான வீடுகளில் பசுவைப் பேணுவோர் பெண்களேயாதலின், பசு அவர்கள் குரலுக்கே அடங்கும்; ஆகவே தொண்டர்களுட் பெண்களும் இருத்தல் வேண்டும். நீந்தத் தெரிந்தவர் யார், லாரி ஓட்டத் தெரிந்தவர் யார், நாட்டு வைத்தியம் அறிந்தவர் யார் என்பவற்றையும் எழுதிக்கொள்க.

பொருள்களைச் சேகரித்தல்: உபரிக் கயிறு, கயிற்றை அறுக்கக் கூரிய அரிவாள், ஏற்றி இறக்க அகலமான பலகை, டார்ச் விளக்கு, தார்ப்பாய், வாளி, சுண்ணாம்பு இவை சங்கத்துக் கிடங்கில் ஒரே இடத்தில் இருத்தல் வேண்டும். ஐந்து நாளைக்குப் போதுமான வைக்கோலை மேட்டிலேயே போரிட்டு மூடிவைத்தல் உத்தமம்.

தடுப்பூசி: தொண்டை அடைப்பான், சப்பை நோய் ஆகியவற்றுக்கு மழைக்கு முன்னரே ஊசி போட்டிருக்க வேண்டும். மந்தைகள் ஓரிடத்தில் நெருங்கி நிற்கும்போது ஒரு மாட்டின் வியாதி எல்லாவற்றுக்கும் பரவும் என்பதை மறத்தலாகாது.

காலக் கணக்கு

வானிலை இலாகாவார் புயலைக் குறித்து நான்கு படிகளில் அறிவிக்கின்றனர். முதல் அறிவிப்பு சுமார் 72 மணி நேரத்துக்கு முன்னும், இரண்டாவது 48 மணி நேரத்துக்கு முன்னும், மூன்றாவது 24 மணி நேரத்துக்கு முன்னும், நான்காவது புயல் கரையேறுவதற்கு 12 மணி நேரத்துக்கு முன்னும் வரும். இரண்டாவது அறிவிப்பு வந்தவுடன் தொண்டர்கள் கூட வேண்டும்; மூன்றாவது அறிவிப்பு வரும்போது கால்நடைகள் நகரத் தொடங்கியிருக்க வேண்டும்; நான்காவது வரும்போது வேலை முடிந்து தொண்டர்களும் காப்பகத்தில் இருக்க வேண்டும்.

இவ்வளவு முன்னதாக ஏன் என்று சிலர் கேட்கலாம். ஓர் உதாரணத்தால் இது தெளிவாகும். ஒரு கிராமத்தில் 300 மாடுகள் உள்ளன என்று கொள்வோம். அவற்றுள் 240 நடந்து செல்லக்கூடியவை. மீதி 60 சினை மாடும், கன்றும், நோயுற்றதுமாக லாரியிலேயே செல்ல வேண்டியவை. ஒரு லாரிக்கு 6 மாடு வீதம் 10 நடை ஆகிறது. ஏற்றவும், செல்லவும், இறக்கவும், திரும்பவும் ஒரு நடைக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் ஒரு லாரிக்கு 15 மணி நேரம் வேண்டும். கார்த்திகை மாதத்துப் பகற்பொழுது அதற்குப் போதாது. இரண்டு லாரிகள் இருப்பின் ஏழரை மணி நேரத்தில் முடியும். மேகம் கறுத்து மழை கொட்டத் தொடங்கியபின் லாரிக்குச் சொல்லியனுப்பும் ஊர் தன் மாடுகளில் ஒரு பகுதியை இழக்கச் சம்மதித்துவிட்டதென்றே கொள்ள வேண்டும்.

முதலில் யாருடைய மாடு?

லாரி ஒன்று, மாடு பல என்னும்போது எதை முன்னே ஏற்றுவது என்னும் கேள்வி எழும். சங்கத்தின் ஒற்றுமை சோதிக்கப்படுவது இவ்விடத்திலேதான். செல்வாக்குள்ளவரின் கறவை மாடுகள் இருபதும் ஏறிய பின்னரே ஏழையின் ஒற்றைப் பசு ஏறும் என்னும் நிலை உண்டானால், அடுத்த வருஷம் அந்த ஏழை எச்சரிக்கையைக் கேட்டும் வீட்டை விட்டு வரமாட்டான். சங்கத்தில் கடன் நிலுவையுள்ள மாடுகளை முதலில் ஏற்ற வேண்டும் என்று சில நிர்வாகிகள் நினைக்கக்கூடும். முதலைக் காக்கும் எண்ணம் நல்லதே. எனினும் கடன் வாங்காதவன் மாடு வெள்ளத்திற் போகட்டும் என்று சொல்லும் சங்கம் கூட்டுறவு என்னும் பெயருக்கு உரியதாகாது.

ஆகவே முறை வேறாதல் வேண்டும். பள்ளமான தெருவும் கடலுக்கு அண்மையான குடியிருப்பும் முதலாவது. அவற்றுள்ளும் நடக்க இயலாத மாடும், கன்றும், சினைமாடும் முன்னே. ஒரே கால்நடையை நம்பிய வீடு அடுத்தது. நடக்கக்கூடிய மந்தைகள் எல்லாம் கால்நடையாகவே செல்லட்டும். இவ்வரிசையைப் பொதுக் கூட்டத்தில் தீர்மானமாக நிறைவேற்றி மினிட் புத்தகத்தில் எழுதிவைத்தல் வேண்டும். அமைதியான நாளில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விதியைப் புயல் நாளில் மாற்றும்படி கேட்க யாருக்கும் நா எழாது.

ஏற்றும் முறை

மாடுகளை வாகனத்தில் ஏற்றிச் செல்வதற்கு 1978ஆம் வருஷத்துக் கால்நடைப் போக்குவரத்து விதிகள் உள. ஒரு சரக்கு லாரியில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றலாகாது; தரையில் வழுக்காதபடி தென்னைநார் விரிப்போ பலகையோ இட வேண்டும்; பக்கச் சட்டம் தாழ்ந்திருந்தால் உயர்த்த வேண்டும்; வேறு சரக்கை உடன் ஏற்றலாகாது; வண்டிக்கு ஒரு காவலாள் இருக்க வேண்டும்; மாடுகள் மிரளாதிருக்கும் பொருட்டு இஞ்சினை நோக்கி நிறுத்துதல் நலம் என்பவை அவற்றுட் சில. அவசர காலத்தில் இவையெல்லாம் எதற்கு என்று தள்ளிவிடுதல் தவறு. வழுக்கி விழுந்த ஒரு மாட்டின் மேல் மற்றவை மிதித்தால், வெள்ளம் செய்யாத கொலையை லாரி செய்துவிடும்.

லாரியை வரப்பு அல்லது மேட்டை ஒட்டி நிறுத்தினால் பலகை சரிவின்றி அமையும். சாதுவான கிழ மாட்டை முதலில் ஏற்றினால் மற்றவை பின்தொடரும். பசுவையும் அதன் கன்றையும் பிரிக்கலாகாது. கன்றை முன்னே கொண்டு சென்றால் பசு தானே ஏறும். காளைகளைப் பசுக்களோடு சேர்த்தல் ஆகாது. வாலை முறுக்குதலும், கண்ணில் மிளகாய் தேய்த்தலும் கொடுமை. மிரண்ட மாடு தொண்டனையே குத்திவிடும். கயிற்றைத் தலை அசைக்க இடம் விட்டு, ஓர் இழுப்பில் அவிழும் முடிச்சாக இட வேண்டும். வெள்ளாடுகளைத் தனி வண்டியிலும், கோழிகளைக் காற்றோட்டமுள்ள கூடைகளிலும் அனுப்புக. ஒவ்வொரு வண்டியிலும் ஏற்றிய மாடுகளின் எண்ணையும் உடையவர் பெயரையும் துண்டுச் சீட்டில் எழுதி வண்டியோடு அனுப்பினால், பின்னர் ‘இது என் மாடு’ என்னும் வழக்குக்கு இடமிராது.

தண்ணீர் வந்துவிட்டால்

எல்லா முன்னேற்பாட்டையும் மீறி வெள்ளம் சூழ்ந்துவிட்டால் முதல் விதி, கயிற்றை அவிழ்த்து விடுதல். வீட்டை விட்டுப் புறப்படும் எவரும், மாட்டைக் கொண்டு செல்ல இயலாவிடில், அதன் கயிற்றை அறுத்துத் தொழுவத்தின் படலைத் திறந்துவிட்டே செல்ல வேண்டும். இழுபடும் நீண்ட கயிறு மரத்திலும் வேலியிலும் சிக்கும். ஆதலின் கழுத்தோடு நெருக்கி அறுப்பது நலம். நாயையும் சங்கிலியோடு விடலாகாது.

இரண்டாவது விதி, ஓடும் வெள்ளத்தில் தொண்டர் இறங்கலாகாது என்பது. தேங்கிய நீரில் மாட்டை ஓட்டலாம். படகிருந்தால் அதன் பக்கத்தே நீந்தவிட்டு, தலைக்கயிற்றைப் பற்றி மூக்கு நீருக்கு மேல் இருக்கும்படி பார்த்துக்கொள்ளலாம். மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுத்தால் மாடு திணறும். கன்றையும் ஆட்டையும் படகிலேயே ஏற்றிச் செல்க. இரவில் இவ்வேலை கூடாது. கஜா புயலில் லக்ஷத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. நீரிற் கிடக்கும் கம்பியில் மின்சாரம் உண்டா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியாது. மின்சாரத்தை நிறுத்திவிட்டதாக உரிய உத்தியோகஸ்தர் சொன்ன பின்னரே உள்ளே செல்ல வேண்டும். மாட்டைக் காக்கச் சென்ற தொண்டன் மாண்டான் என்னும் செய்தி ஒரு கிராமத்தின் தொண்டர் படையையே கலைத்துவிடும்.

காற்று ஓய்ந்த பின்

மாடு ஒன்றுக்கு நாளொன்றுக்குச் சுமார் 40 லிட்டர் தண்ணீர் வேண்டும். கறவை மாட்டுக்கு அதனினும் மிகுதி. கடல்நீர் புகுந்த குளத்தில் மாடுகளை விடலாகாது. நனைந்து பூஞ்சணம் பிடித்த வைக்கோலைப் போடுதல் கேடு. உதவியாக வந்த சோற்றையும் அரிசியையும் இரக்கத்தால் பசித்த மாட்டின் முன் கொட்டுவோர் உண்டு. அது வயிற்றில் புளித்து, மாடு உப்புசம் கண்டு இறந்துவிடும். பிழைத்த மாடு அன்பினால் மாளுதல் கொடிது. வைக்கோலும் தழையும் சிறிது சிறிதாகக் கொடுப்பதே முறை. சேற்றில் நின்ற குளம்புகளைக் கழுவித் துடைத்தல், மடியில் வீக்கம் உண்டோ எனப் பார்த்தல், இருமும் மாட்டைப் பிரித்துக் கட்டுதல் ஆகியவற்றைத் தொண்டர்கள் தினந்தோறும் செய்ய வேண்டும். டெலிபோனில் 1962 என்னும் எண்ணுக்குச் சொன்னால் மிருக வைத்திய உதவி கிடைக்கும்; ஜில்லாப் பேரிடர் உதவிக்கு 1077 என்னும் எண் உண்டு.

இறந்த மாடுகளைக் கிணறு குளங்களுக்கு அப்பால் ஆள் உயரத்துக்குக் குறையாத குழி தோண்டிச் சுண்ணாம்பு இட்டுப் புதைக்க வேண்டும். வாயிலும் மூக்கிலும் கறுத்த ரத்தம் வடிந்து திடீரென இறந்த மாடு அடைப்பான் கண்டதாக இருக்கலாம். அதனைத் தோலுரிக்கவோ அறுக்கவோ கூடாது. அவ்வியாதி மனிதரையும் கொல்லும்.

புதைப்பதற்கு முன் ஒரு காரியம் உண்டு. இறந்த கால்நடைக்குச் சர்க்கார் நிவாரணம் அளிக்கிறது. 2022-23 முதல் 2025-26 வரையிலான காலத்துக்கு மத்திய சர்க்கார் விதித்த அளவுப்படி கறவைப் பசு அல்லது எருமைக்கு 37,500 ரூபாயும், உழவு மாட்டுக்கு 32,000 ரூபாயும், கன்றுக்கு 20,000 ரூபாயும், ஆட்டுக்கு 4,000 ரூபாயும் ஏற்பட்டிருந்தன. ஒரு குடும்பத்துக்கு இத்தனை என்னும் வரம்பும் உண்டு. மரணத்துக்கு அத்தாட்சி இன்றேல் இவை கிடைத்தல் அரிது. ஆகவே மிருக வைத்தியரும் கிராம நிர்வாக அதிகாரியும் பார்த்துக் குறித்துக்கொள்ளவும், அவர் வரத் தாமதமாயின் காது வில்லையோடு புகைப்படம் எடுத்துவைக்கவும் தொண்டர்கள் உதவ வேண்டும். மழைக்கு முன் எழுதிய ஜாபிதா இப்போது பயன்படும். எழுதப் படிக்கத் தெரியாத அங்கத்தினருக்கு மனு எழுதித் தருவதும் மீட்புத் தொண்டின் ஒரு பகுதியே.

செலவும் சித்தமும்

இதற்கெல்லாம் பணம் எங்கே என்னும் கேள்விக்கு விடை கடினமன்று. கயிறும் பலகையும் அரிவாளும் பெருஞ்செலவு அல்ல. வைக்கோலை அங்கத்தினர்கள் அறுவடையின்போது வீட்டுக்கு ஒரு கட்டு எனக் கொடுக்கலாம். லாரி வாடகையையும் தார்ப்பாயின் விலையையும் சங்கத்தின் பொது நல நிதியிலிருந்து செய்ய உபவிதிகள் இடந்தருமா என்பதை இலாகா உத்தியோகஸ்தரிடம் கேட்டு அறிந்து, முன்னதாக அனுமதி பெறலாம். டிராக்டர் உடையவர் அதனையும், மாட்டு வண்டி உடையவர் வண்டியையும், ஒன்றும் இல்லாதவர் உடலுழைப்பையும் தரலாம். 1904ஆம் வருஷத்தில் திரூரில் சென்னை மாகாணத்தின் முதற் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்ட காலத்திலும் தனித்தனியே வலிமையற்றோர் ஒன்றுகூடி வலிமை பெறுவதே அதன் கருத்தாயிருந்தது. வட்டிக் கொடுமைக்கு எதிராகப் பயன்பட்ட அவ்வுபாயம் வெள்ளத்துக்கு எதிராகவும் பயன்படும்.

அடுத்து வரும் பொதுக் கூட்டத்தின் நிகழ்ச்சிக் குறிப்பில் ஒவ்வொரு சங்கத்தின் காரியதரிசியும் மூன்று விஷயங்களைச் சேர்க்கக் கடமைப்பட்டவர். கால்நடை ஜாபிதாவை எழுதுவோர் யார், மேடு எது, ஏற்றும் வரிசை எது என்பனவே அவை. இம்மூன்றையும் ஒரு மாலைப் பொழுதில் தீர்மானித்துவிடலாம். புரட்டாசிக்குள் தீர்மானித்த ஊரில், கார்த்திகையின் இருண்ட இரவில், தன் பசு மேட்டில் நிற்கிறது என்று அறிந்தவன் காப்பகத்தில் கண்ணயர்வான்.